1920 கட்டங்கள்: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பாறசாலை, காரோடு, செங்கல், குன்னத்துக்கல், வெள்ளறடை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை என எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இப்போது பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ பி.சி.ஏ.யிலோ படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தின் பக்கம் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தின் பக்கம் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்றையும் சுமந்துகொண்டு நடப்பவர்கள் நீங்கள். மூன்றாவதைக் கண்டுதான் உங்களில் பலர் ஒதுங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். "கணினி வேலையெல்லாம் கழக்கூட்டத்தில் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு" என்ற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். அந்தப் பேச்சை உடைக்கவே எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியது இதுதான். மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினியில் வேலை செய்யக் கற்றுக்கொள்ள உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய கணினியே போதும். அதற்கு வேண்டிய மென்பொருள் இலவசம். அதற்கு வேண்டிய ஆங்கிலம் நீங்கள் பயப்படுகிற அளவில் கால்வாசிகூட இல்லை.

வங்கிக் கணக்கு, காப்பீடு, கடன் அட்டை, விமான டிக்கெட் என்று கோடிக்கணக்கான பதிவுகளை ஒரு பிசகும் இல்லாமல் இரவு பகலாகக் கையாள வேண்டிய இடங்களில் இன்றும் மெயின்ஃப்ரேம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்ற குடும்பத்தை அறிவித்தது. அன்று எழுதிய நிரல்களின் வழித்தோன்றல்கள், 2025-இல் வந்த இசட்17 வரை, வழிமாறாமல் ஓடுகின்றன. அந்த நிரல்களைப் பராமரிக்கும் வேலை நம் நாட்டுக்குப் பெருமளவு வருகிறது. 1990-இல் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க்கிலும் அது நடக்கிறது. பாறசாலையிலிருந்து கழக்கூட்டம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான்.

இந்தப் பெருங்கணினிக்கு முன்னால் யாரும் நாற்காலி போட்டு உட்காருவதில்லை. அது எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கும். மனிதர்கள் தொலைவில் இருந்தபடி ஒரு திரை, ஒரு விசைப்பலகை வழியாக அதனிடம் பேசுவார்கள். அந்தத் திரைக்குப் பெயர் டெர்மினல். சொந்தமாகக் கணக்குப் போடத் தெரியாத இந்தப் பெட்டிகளைத் தொழிலில் இருப்பவர்கள் "டம் டெர்மினல்" என்பார்கள். அந்தப் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும்படி நம் வீட்டுக் கணினியை மாற்றுகிற மென்பொருள்தான் டெர்மினல் எமுலேட்டர். இந்த மடல் முழுக்க அதைப் பற்றித்தான்.

நீங்கள் பார்த்த ஓர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். ரயில் முன்பதிவு கவுண்டரில் ஊழியர் எதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? படம் இல்லை, மவுஸ் இல்லை; வரிவரியாக எழுத்துகள் மட்டும். 1985-86-இல் புதுதில்லியில் தொடங்கிய கணினி முன்பதிவின் நேரடி வாரிசு அது. சி.எம்.சி. நிறுவனம் எழுதிய இம்ப்ரெஸ் என்ற மென்பொருள் முதலில் ஓடியது; பிறகு ரயில்வேயின் சொந்த அமைப்பான கிரிஸ் உருவாக்கிய கன்சர்ட் வந்தது. 1999 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைந்தன. தென்னக ரயில்வேக்குரிய மையம் சென்னை. கேரள மண்ணில் நின்றபடி நீங்கள் கேட்கும் இருக்கைக்குப் பதில் சென்னையிலிருந்து வருகிறது. ஊழியர் "பி.ஏ.எஸ்.ஏ." என்று தட்டினால் பாறசாலை, "என்.ஒய்.ஒய்." என்றால் நெய்யாற்றின்கரை. தந்திக் காலத்துச் சுருக்கம் டெர்மினல் காலத்துக்கும் பொருந்திப்போனது. அந்தக் கணினிகள் ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம் வகையைச் சேர்ந்தவை அல்ல; தொடக்கத்தில் அவை டிஜிட்டல் நிறுவனத்தின் வேக்ஸ் வகை. ஆனாலும் தொலைவில் ஒரு பெரிய இயந்திரம், கவுண்டரில் ஒரு சின்னத் திரை என்ற ஏற்பாடு ஒன்றேதான்.

டெர்மினல்களில் இரண்டு பெரும் குலங்கள் உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று, டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100. 1978-இல் வந்தது. நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் அந்த எழுத்து உடனே பெரிய கணினிக்குப் போகும். அது திருப்பி அனுப்பினால்தான் திரையில் தோன்றும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு போக்குவரத்து. உங்கள் பள்ளியில் கைட் நிறுவனம் கொடுத்த லினக்ஸ் மடிக்கணினியில் "டெர்மினல்" என்று ஒரு கறுப்புச் சன்னல் திறக்குமே, அது இந்தக் குலத்தின் பேரப்பிள்ளை. லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் இருந்தவர்கள் அதில் கட்டளை தட்டியிருப்பீர்கள். எமுலேட்டர் என்று பெயர் தெரியாமலே எமுலேட்டரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

மற்றொன்று ஐ.பி.எம். 3270. பிறந்த ஆண்டு 1971. இது வேறு மாதிரி யோசிக்கும். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920 கட்டங்கள். பெரிய கணினி ஒரு படிவத்தை அனுப்பும்; டெர்மினல் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நீங்கள் கட்டங்களை நிரப்பலாம், அழிக்கலாம், திருத்தலாம். பெரிய கணினிக்கு ஒன்றும் தெரியாது. என்டரையோ பி.எஃப். என்னும் செயல்விசைகளில் ஒன்றையோ அழுத்தும்போதுதான், அதுவும் நீங்கள் மாற்றிய பகுதிகள் மட்டும், ஒரே கட்டாகப் போகும். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பத்தை முழுதாக நிரப்பிச் சன்னலில் நீட்டுவது போல. ஒரு பெரிய கணினியின் ஒவ்வொரு நொடிக்கும் பெரும் விலை இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது ஒரே நேரத்தில் பதில் சொல்ல முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இந்த அமைப்பு இன்னொரு விதத்திலும் நமக்கு நல்லது. ஒரு முழுத் திரையே இரண்டு கிலோபைட் அளவுதான். களியக்காவிளைப் பக்கம் வந்தால் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிப்பது என்று தடுமாறும். காணொளி வகுப்பு திணறும். அதே பலவீனமான இணைப்பில் 3270 திரை சலனமில்லாமல் வேலை செய்யும்.

வீட்டுக் கணினி எப்படி இந்த வட்டத்துக்குள் நுழைந்தது? 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தபோது மாணவர்கள் நினைத்த நேரத்தில் அதனிடம் பேசிவிட முடியாது. அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்குக் காத்திருப்பதே அக்காலத்து முறை. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போய்விட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் சிறு கணினிகள் மேசைக்கு வரத் தொடங்கின. 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெர்மிட் என்ற மென்பொருள் பிறந்தது. பெரிய கணினியில் மாணவர்களுக்குச் சேமிப்பிடம் போதவில்லை. கோப்புகளைத் தங்கள் வட்டுகளுக்குக் கொண்டுபோக ஒரு வழி தேவைப்பட்டது. எந்த இரு கணினிகளுக்கும் இடையே, இரைச்சல் மிகுந்த தொலைபேசிக் கம்பியிலும் கோப்பு சேதப்படாமல் போய்ச் சேர கெர்மிட் வழி செய்தது. கூடவே டெர்மினலாகவும் நடித்தது. 1982-இல் இர்மா என்ற அட்டை வந்தது: அதைக் கணினிக்குள் செருகி, 3270-க்கென்று ஓடும் கோயாக்சியல் கம்பியைப் பின்னால் மாட்டினால், மேசைக் கணினியே டெர்மினல் ஆகிவிடும். அடுத்த ஆண்டு ஐ.பி.எம். தானே 3270 பி.சி.யைக் கொண்டுவந்தது. இணையம் பரவிய பிறகு அந்தத் தனி அட்டையும் தேவையற்றுப்போனது. டி.என்.3270 என்ற நெறிமுறையின்படி சாதாரண இணைய இணைப்பே போதும் என்றானது.

நம் நாட்டில் வீட்டிலிருந்து பெரிய கணினியைத் தொட்ட முதல் தலைமுறைக்கு வழி திறந்தது 1995 ஆகஸ்ட் 15. அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மாணவர்களுக்கென்று ஐந்நூறு ரூபாய்க்கு ஓர் இணைப்பு கொடுத்தார்கள். எழுத்து மட்டும், படம் கிடையாது. மோடத்தில் எண் சுழற்றி, எமுலேட்டரை விடி100 ஆக்கி, தொலைவிலிருக்கும் யுனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, பைன் என்ற நிரலில் மின்னஞ்சல் படித்தார்கள். லிங்க்ஸ் உலாவியில் பக்கங்களை வாசித்தார்கள். அவர்கள் வீட்டுக் கணினி இணையத்தில் இல்லை. இணையத்தில் இருந்த ஒரு கணினியின் திரையாக மட்டும் அது இருந்தது. இந்தியாவில் இணையம் என்றால் பலருக்கும் முதலில் ஓர் எமுலேட்டர் சன்னல்தான் என்பதை இன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. கையில் இருந்த சிறிய பொருளை வைத்து எவ்வளவு பெரிய கதவைத் திறந்தார்கள் என்று அடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்3270 அல்லது சி3270 என்று தேடி நிறுவுங்கள்; உபுண்டுவின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. விண்டோஸ்காரர்களுக்கு டபிள்யூ.சி.3270. மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் இலவசம். அலுவலகங்களில் ஐ.பி.எம்.மின் பி.காம், அட்டாச்மேட், ப்ளூசோன் என்று காசு கொடுத்து வாங்கியவை இருக்கும், பழக்கம் ஒன்றுதான்.

திறந்ததும் முதலில் உங்களைக் குழப்பப்போவது விசைப்பலகை. பழைய 3270 பலகையில் 24 பி.எஃப். விசைகள்; நம்முடையதில் 12. ஆகவே 13 முதல் 24 வரை ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தும் வழக்கம். பி.எஃப்.3 வெளியே வர, 7 மேலே போக, 8 கீழே போக. இந்த மூன்றும் விரலில் ஊறிவிட வேண்டும். சில எமுலேட்டர்களில் வலப்பக்கத்துக் கன்ட்ரோல் விசைதான் என்டர், இடப்பக்கத்தது ரீசெட். பழைய பலகையில் என்டர் அங்கேதான் இருந்தது.

அடுத்தது, திரையின் அடியில் ஓடும் நிலைவரி. படிவத்தில் தொடக் கூடாத கட்டத்தில் எழுதப்போனால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். நிலைவரியில் ஓர் எக்ஸ் குறி விழும். புதிதாக வருபவர்கள் கணினி செத்துவிட்டது என்று நினைத்துச் சன்னலையே மூடிவிடுவார்கள். ரீசெட் அழுத்தி, டேப் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போனால் போதும். பெரிய கணினி யோசித்துக்கொண்டிருந்தாலும் எக்ஸ் குறி வரும், ஆனால் அப்போது கூடவே வேறு அடையாளம் இருக்கும். அதற்குக் காத்திருக்க வேண்டும். திட்டுகிற எக்ஸ் எது, காத்திருக்கச் சொல்கிற எக்ஸ் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை அனுபவமுள்ளவர் உட்கார்ந்த உடனே கண்டுகொள்வார்.

எமுலேட்டர் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் கணினி எழுத்துகளை ஆஸ்கி முறையில் எண்ணாக்குகிறது. மெயின்ஃப்ரேம் எப்சிடிக் முறையில். பெரிய ஏ என்ற எழுத்து இங்கே பதினாறடிமானத்தில் 41, அங்கே சி1. எப்சிடிக் துளையட்டையிலிருந்து வளர்ந்தது. அதனால் அதில் எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லை. ஐ-க்கும் ஜே-க்கும் நடுவே ஓர் இடைவெளி, ஆர்-க்கும் எஸ்-க்கும் நடுவே இன்னொன்று. ஆஸ்கியில் எண்கள் எழுத்துகளுக்கு முன்னால் வரும், எப்சிடிக்கில் பின்னால். ஒரே வாடிக்கையாளர் பட்டியலை இரண்டு இடத்திலும் அகரவரிசைப்படுத்தினால் இரண்டு வரிசை கிடைக்கும். இதைத் தெரியாமல் கோப்பை இங்கிருந்து அங்கே நகர்த்தி, இரவெல்லாம் பிழை தேடியவர்கள் ஏராளம். கோப்பை அனுப்பும்போது எழுத்துக் கோப்பா, அப்படியே போக வேண்டிய கோப்பா என்று எமுலேட்டர் கேட்கும். அந்தக் கேள்வியை அலட்சியமாக எண்ணாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன், உங்களைத் தடுத்து நிறுத்தும் இடம் அதுதானே. இந்தத் திரையில் உங்களுக்கு வேண்டியவை லாகான், எடிட், சேவ், சப்மிட், கேன்சல் போன்ற சில பத்துச் சொற்கள். கோபோல் நிரல்மொழியில் ஆட், மூவ், இஃப், பெர்ஃபார்ம், டிஸ்ப்ளே. எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இங்கே கேட்கப்படுவது வேறு: 80 பத்திகளில் எந்த எழுத்து எந்தப் பத்தியில் நிற்க வேண்டும் என்ற கவனம், ஒரு நிரல் முறிந்தால் அதன் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகும் நிதானம். முறிந்து நிற்பதை "அபெண்ட்" என்பார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தால் வருவது "சாக் செவன்". மெயின்ஃப்ரேமில் இருந்த எவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரு நீண்ட கதை வரும். நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் கேட்பார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் சாக் செவன் எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லக் கையில் ஒரு சரக்கு இருப்பவருக்கு வாய் தானாகத் திறக்கும். சொல்ல ஒன்றும் இல்லாதபோதுதான் மொழி இரட்டிப்புப் பாரமாகிறது.

பெருந்தொகை கட்டணம் கேட்கும் பயிற்சிக் கூடங்கள் நகரங்களில் உண்டு. முந்திரித் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் உழைத்த காசை அப்பாவும் அம்மாவும் எடுத்து நீட்டுவதற்கு முன்னால், தயவுசெய்து ஆறு மாதம் நீங்களே முயன்று பாருங்கள். ஐ.பி.எம்.மே இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பெயரில் உண்மையான மெயின்ஃப்ரேமில் மாணவர்கள் இலவசமாகப் பயில இடம் கொடுத்திருக்கிறது. அதில் பெரும்பாலும் இன்றைய வி.எஸ். கோட் போன்ற கருவிகள். 3270-இன் பச்சை எழுத்துத் திரையே வேண்டாம் என்று சொல்லும் போக்கு அதில் தெரியும். அந்தக் கருவிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். என் கருத்து மட்டும் இது: நள்ளிரவில் பேட்ச் ஜாப் என்னும் தொகுப்பு வேலை நின்றுபோய், விடிவதற்குள் ஓட்டியாக வேண்டும் என்ற நிலை வந்தால், கைகள் கடைசியில் போய் நிற்கும் இடம் அந்த 1920 கட்டங்கள்தான். அங்கே தடுமாறாதவரைத்தான் ஒரு குழு நம்பும்.

உங்களுக்கு அனுமதி தராத எந்தக் கணினியிலும் எமுலேட்டரை வைத்து நுழையப் பார்க்காதீர்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை மீறும் செயல் அது. அதற்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் ஒரு மெயின்ஃப்ரேமையே நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆம், உங்கள் ஊரிலேயே. ரோஜர் பௌலர் என்பவர் 1999-இல் ஹெர்குலிஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். டெர்மினலைப் போல நடிக்கும் மென்பொருள் இருப்பதுபோல, முழு மெயின்ஃப்ரேமாகவே நடிக்கும் மென்பொருள் அது. அதில் ஐ.பி.எம்.மின் எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய இயங்குதளம் ஓடும். ஆர்வலர்கள் அதைத் தயார் நிலையில் கட்டி டி.கே.4 என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இயங்குதளத்துக்குத் தெரிந்த நினைவகம் 16 மெகாபைட் மட்டுமே. உங்கள் வீட்டில் தூசி படிந்து கிடக்கும் மடிக்கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பழைய கோபோல் தொகுப்பியும் உள்ளே உண்டு. அலுவலகங்களில் பார்க்கும் ஐ.எஸ்.பி.எஃப். என்ற பலகம் அதில் இல்லை, அதன் சாயலில் எழுதிய வேறொன்று இருக்கிறது, பழகுவதற்கு அது போதும்.

இதைத் தனியாக உட்கார்ந்து செய்வதைவிட ஊர் கிரந்தசாலையில் (நூலகத்தில்) கூடிச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். நம் பஞ்சாயத்துகளில் கிரந்தசாலை இல்லாத இடம் அரிது. பலவற்றில் ஒன்றிரண்டு கணினிகளும் இருக்கின்றன. செயலாளரிடம் கேட்டு ஒரு பழைய கணினியில் ஹெர்குலிஸை ஏற்றுங்கள். அதே வைஃபையில் உங்கள் மடிக்கணினிகளை இணைத்து, எமுலேட்டரில் அந்தக் கணினியின் முகவரியையும் 3270 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் லாகான் திரை வரும். ஹெர்க்01 முதல் ஹெர்க்04 வரை நான்கு பயனர் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நான்கு பேர் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம். ஒருவர் சப்மிட் செய்த ஜாப் வரிசையில் நிற்பதை இன்னொருவர் தன் திரையில் பார்ப்பார். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்வது என்றால் என்ன, ஒருவர் கோப்பைப் பிடித்திருந்தால் மற்றவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே வேகமாகப் புரியும்.

அந்தத் திரையில் தமிழ் வராது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாக் கட்டமும் ஒரே அகலம் என்ற அமைப்பு நம் எழுத்துகளுக்கு இசைவதில்லை. சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்ற தொழில்நுட்பத்தால் இந்திய மொழிகளை டெர்மினலில் காட்டப் பாடுபட்டது மதிக்கத்தக்க முயற்சி. 3270 உலகம் அந்தப் பக்கம் வரவில்லை. அதனால் தமிழ் திரைக்கு வெளியே, தாளில் இருக்க வேண்டும். எக்ஸ் குறிகள் ஒவ்வொன்றும் எப்போது வரும், பி.எஃப். விசைகள் எவை, லாகான் முதல் லாகாஃப் வரை என்ன படி, முதல் ஐந்து அபெண்ட்கள் ஏன் வரும் என்று இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதுங்கள். தொழிலில் புழங்கும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் போடுங்கள். புதுச் சொல் கட்டி இடர்ப்பட வேண்டாம். அந்தக் குறிப்பைக் கிரந்தசாலைக் கணினியின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒரு பிரதி எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் போகட்டும்.

எழுதும்போது எங்கேயாவது சிக்கினால் எனக்கு எழுதிக் கேளுங்கள். பிழை வந்த திரையை, நிலைவரி உட்பட, முழுதாகப் படம் பிடித்து அனுப்புங்கள். நிலைவரி இல்லாமல் எவராலும் உதவ முடியாது.

அன்புடன்,
எல்லையோரத்து மெயின்ஃப்ரேம் நிரலர் ஒருவர்